வயசானால் வலிக்கத்தான் செய்யுமா?

முட்டி வலி, இடுப்பு வலி என்று மாதக்கணக்கில் முனகும் பெரியவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் தனியாகக் கணக்கில் எடுக்கிறது. அதற்கு வைத்தியம் உண்டு. அந்த ஒற்றைப் பதிலால் அது தள்ளிப்போகிறது.

வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் வலி இன்னும் கூடும். கோயில், கல்யாணவீடு, திண்ணைப் பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். பிறகு சாப்பாடும் குறையும். இந்த நிலையிலும் நம் பெரியவர்கள் டாக்டரிடம் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். "உடம்பெல்லாம் வலிக்குது, அசதியா இருக்கு" என்பார்கள். எக்ஸ்ரே எடுத்து மாத்திரை எழுதுவதோடு வேலை முடிந்துவிடும். உள்ளே இருக்கும் மனச்சோர்வை யாரும் கேட்பதில்லை. வலியிலும் மனநிலையிலும் செரோட்டோனின், நார்அட்ரினலின் என்ற அதே ரசாயனங்களுக்குப் பங்கு உண்டு. டுலோக்செட்டின் போன்ற மருந்தை இரண்டுக்கும் கொடுப்பது அதனால்தான். சீட்டில் அதைப் பார்த்து "பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையா?" என்று குடும்பம் பதற வேண்டாம்.

பதற வேண்டியது மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் 'செட் மாத்திரை'க்கு. பெயர் எழுதாத கவருக்குள் சில சமயம் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். சீக்கிரமே எழுந்து நடக்க வைக்கும். அதனால்தான் நம்பிக்கை வருகிறது. நாளாக ஆக சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு பலம் இழக்கும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்டீராய்டை நாள்பட எடுத்தவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மிச்சமிருக்கும் மாத்திரையோடு மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

நடக்க முடியாதவர் எங்கே போவது? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அரசு செலவில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பிள்ளைகள் மருந்துச் செலவையே கைவிட்டால், 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். சட்டம் சொல்லும் பராமரிப்பில் மருத்துவமும் அடங்கும். வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. பெற்ற பிள்ளை மீது மனுவா என்று பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் மருந்தில்லாமல் கிடப்பது அதற்குத் தீர்வாகாது.

"போய்ச் சேர்ந்தா போதும்" என்று ஒருவர் அடிக்கடி சொன்னால் அதைப் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தையும் மாத்திரைக் குவியலையும் கைக்கெட்டாமல் வையுங்கள். தனியாக விடாமல், இரவானாலும் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.