திரையில் ஓடும் எழுத்தும் தாளில் நிற்கும் பக்கமும்



கணிப்பொறியில் ஒரு கடிதத்தை எழுதி முடித்து, ‘அச்சிடு’ என்னும் கட்டளையைச் சுட்டியால் தொட்டவுடன் தாள் வந்து விழுகிறது. கடிதம் ஒரே பக்கமாயின் இதில் வியப்பதற்கோ வருந்துவதற்கோ அதிகம் இல்லை. நான்கு பக்கம், பத்துப் பக்கம் என்று அது நீளும்போதுதான் தொல்லை தலைகாட்டுகின்றது. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அத்தொல்லை சற்று மிகுதி என்றே சொல்ல வேண்டும். டில்லி கரோல்பாக்கிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் உள்ள ஜெராக்ஸ் கடைக்காரர் நம் எழுத்தைப் படிக்க அறியாதவராக இருக்கலாம். வரிசை தவறினாலும், பாதி வாக்கியம் காணாமற் போனாலும் அவர் கண்ணுக்கு அது புலப்படாது. பிழை எங்கே நேரும், ஏன் நேரும் என்பதனை நாமே அறிந்திருத்தல் வேண்டும்.

நமக்கு நேர்ந்த ஓர் அநுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். டில்லியில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஓர் அம்மையார், ஊரிலுள்ள பூர்வீக நிலத்தைப் பற்றித் தம் உடன்பிறந்தார்க்கு ஒரு சம்மதக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. கண் பார்வை குன்றியவர் ஆதலின், அவர் சொல்லச் சொல்ல நாம் தட்டெழுதிக் கொடுத்தோம். நம் வீட்டுப் பொறியில் அது சரியாக நான்கு பக்கம் வந்தது. நான்காம் பக்கத்தின் அடியில் அவருடைய பெயரும் கையொப்பத்திற்குரிய இடமும் அமைந்திருந்தன. வீட்டில் அச்சுப்பொறி இல்லை. எளிதாக இருக்குமே என்று எண்ணி, உரை முழுவதையும் மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டோம். கடைப் பையன் அதனை எடுத்துப் புதிய ஆவணம் ஒன்றில் ஒட்டி அச்செடுத்துத் தந்தான். அம்மையார் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு, உறையில் இட்டு அனுப்பிவிட்டார்.

எட்டு நாள் கழித்து ஊரிலிருந்து அவருடைய தம்பியின் தொலைபேசி அழைப்பு வந்தது. “என்ன அக்கா, ஒன்றுமே எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்களே! இதை எந்தக் கடிதத்தோடு வேண்டுமானாலும் சேர்த்துவிடலாமே!” என்று கேட்டாராம். கடிதம் ஐந்து தாளாக வந்திருந்தது. ஐந்தாம் தாளில் இடம், நாள், ‘இப்படிக்கு’, கையொப்பம், பெயர், முகவரி ஆகியவற்றைத் தவிர வேறு ஒரு வரியும் இல்லை. தாள்களுக்குப் பக்க எண்ணும் இல்லை. நிலத்தைப் பற்றிய கடிதத்தில் இஃது எத்தகைய அபாயம் என்பதனை விளக்க வேண்டுவதில்லை. “அச்சு எடுத்த பிறகு நீங்கள் ஒருமுறை பார்த்தீர்களா, தம்பி?” என்று அம்மையார் எம்மைக் கேட்டார். நாம் பார்க்கவில்லை.

பிழை எங்கிருந்து வந்தது? திரையில் நாம் காணும் எழுத்துக்கு, உண்மையில், பக்கம் என்பது இல்லை. தறியில் நெய்த துணி நீளமாகச் சுருண்டு கிடப்பது போல, உரையும் மேலிருந்து கீழாக ஒரே நீளமாக ஓடுகிறது. நோட்பேடு போன்ற எளிய செயலிகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம். சொற்செயலிகள் திரையிலேயே தாளின் உருவை வரைந்து காட்டுகின்றன. எனினும் அவ்வுருவும், அந்த நேரத்தில் தேர்ந்துள்ள தாளையும் எழுத்துருவையும் கொண்டு போட்ட கணக்கேயன்றி வேறன்று. துணியை எந்த இடத்தில் கிழிப்பது என்னும் முடிவு, அச்சிடும் வேளையில்தான் உறுதியாகின்றது.

அம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்று பார்ப்போம். அச்சிடு என்று நாம் சொன்னதும் செயலியானது அச்சுப்பொறியின் இயக்கியைச் சில கேள்விகள் கேட்கிறது. தாளின் அளவு யாது? ஓரங்களில் எவ்வளவு இடம் மை படாமல் விடப்படும்? அங்குலத்திற்கு எத்தனை புள்ளிகள்? திரைக்கு 96 புள்ளி என்று கொள்வது வழக்கம். லேசர் அச்சுப்பொறிக்கு 600 என்பது சாதாரணம். விடைகளைப் பெற்றபின், செயலி ஒவ்வொரு சொல்லின் அகலத்தையும் அளந்து, வரிகளாக மடக்கி, வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. அடுத்த வரிக்கு இடம் போதாதென்று கண்ட இடத்தில் அப்பக்கத்தை முடித்து, மறுபக்கத்தைத் தொடங்குகிறது. வாக்கியம் நடுவில் அறுகிறதா, கையொப்பம் தனித்துப் போகிறதா என்பதெல்லாம் அச்சுப்பொறிக்குத் தெரியாது. செயலிக்கும், நாம் சொல்லாவிடில், தெரியாது.

விண்டோஸ் முறையில் ‘ஆவணம் தொடங்கு, பக்கம் தொடங்கு, பக்கம் முடி, ஆவணம் முடி’ என்று செயலியே ஆணையிட்டுச் செல்லும். ஜாவா மொழியில் எழுதிய செயலிகளில் இவ்வுரையாடல் தலைகீழாக நடப்பதுண்டு. அச்சமைப்பு, ‘இத்தனையாம் பக்கம் உண்டா?’ என்று கேட்கும். உண்டு என்றால் செயலி வரைந்து தர வேண்டும், இல்லை என்றால் அச்சு அத்தோடு நின்றுவிடும். நிரலை எழுதியவர் பக்கம் பிரிக்கும் கணக்கைச் செய்யாது விட்டிருந்தால், முதற் பக்கம் மட்டும் அழகாக அச்சாகி, மீதி உரை மாயமாக மறைந்துவிடும். சிறிய செயலிகள் சிலவற்றில் ஒரே பக்கம் மட்டும் அச்சாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நாம் பொறியைத் திட்டுவது வீண்.

இனி நமது கடிதத்தின் கணக்கு. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மேலும் கீழும் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், விட்டால் எஞ்சுவது 246.2. ஒரு வரிக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பக்கத்திற்கு 41 வரி. நான்கு பக்கத்திற்கு 164 வரி. கடையில் புதிதாகத் திறந்த ஆவணமோ அமெரிக்க நாட்டு வழக்கமான லெட்டர் அளவில் இருந்தது. அதன் உயரம் 279.4 மில்லிமீட்டர். அதே ஓரங்களை விட்டால் பக்கத்திற்கு 38 வரிதான் கொள்ளும்; நான்கு பக்கத்திற்கு 152. ஆகவே பன்னிரண்டு வரிகள் ஐந்தாம் பக்கத்திற்கு வழிந்தன. லெட்டர் தாள் ஏ4 தாளைவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது. அதனால் ஒரு சில வரிகள் சுருங்கியிருக்கும். எஞ்சியவை கையொப்பப் பகுதியாகிய அந்தச் சில வரிகள்! தட்டில் இருந்தது ஏ4 தாளே ஆதலின், கையில் எடுத்துப் பார்த்தவர்க்கு எந்த வேறுபாடும் தோன்றவில்லை. அடியில் வெற்றிடம் சற்று அதிகம், அவ்வளவே.

ஏ4 அளவு 1922-இல் ஜெர்மனியின் தர விதியாகப் பிறந்து, 1975-இல் சர்வதேசத் தரமாயிற்று. இந்தியாவிலும் பொதுவாக இதுவே வழங்குகிறது. ஆயினும் ஆங்கிலம்–அமெரிக்கா என்று அமைத்த கணிப்பொறிகளில் லெட்டர் அளவு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்திரங்களுக்கு நீண்ட லீகல் தாளைக் கேட்பாரும் உண்டு. அதன் உயரம் 356 மில்லிமீட்டர். எந்தத் தாள் வேண்டும் என்பதனை எழுதத் தொடங்குமுன் கேட்டு அறிந்துகொள்வது நல்லது. எழுதி முடித்தபின் மாற்றினால் பக்கங்கள் யாவும் இடம் பெயரும்.

தாளுக்கு அடுத்தபடி எழுத்துரு. தமிழர்க்கு இதுவே பெரிய விஷயம். சொற்செயலியின் கோப்பு தாளின் அளவைத் தன்னுள் குறித்து வைத்துக்கொள்ளும். எழுத்துருவின் பெயரை மட்டுமே, நாம் தனியே சொன்னாலன்றி, குறித்து வைக்கும். எழுத்துருவைச் சுமந்து செல்லாது. லதா என்னும் தமிழ் எழுத்துரு விண்டோஸ் 2000-இலிருந்து அதனோடு வந்தது. விண்டோஸ் 10-இல் அது வேண்டுவோர் தனியே சேர்த்துக்கொள்ளும் பகுதியாகிவிட்டது. லதாவில் எழுதிய பத்திரத்தை அஃது இல்லாத பொறியில் திறந்தால், நிர்மலா போன்ற வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்து நிற்கும். எழுத்துகள் படிக்கக் கூடியனவே. ஆனால் எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் வேறு. பக்கத்திற்கு ஒரு வரி கூடினும் குறையினும், பத்தாம் பக்கத்தில் அது பத்து வரியாகிவிடும்.

பாமினி முதலான பழைய எழுத்துருக்களின் கதை இன்னும் மோசம். அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் குடியிருக்கிறது. எழுத்துரு இல்லாத பொறியில் அப்பத்திரம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறி நிற்கும். கடைக்காரர் அதனையும் நம்பி அச்சிட்டுத் தருவார். ஒருங்குறியில் எழுதியதற்கு இத்துன்பம் இல்லை. 1991 முதல் தமிழுக்கு அதில் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதனை ஏற்றது. ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே தோன்றினும், கோப்பினுள் ககரமே முதலில், கொம்பு அதன் பின்னே. அதனை முன்னே கொணர்ந்து நிறுத்துவது செயலியின் வேலை. அவ்வேலை தெரியாத செயலியில் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். திரையில் சரியாகவும் தாளில் தவறாகவும் வருவதும் உண்டு.

இத்தனைக்கும் மருந்தாக வந்ததே பிடிஎஃப் என்னும் கோப்பு. திரையில் கண்டதைத் தாளிலும் அவ்வாறே காண வேண்டும் என்னும் ஆசை பழையது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1971-இல் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கினார். 1973-இல் ஆல்டோ என்னும் கணிப்பொறியும், அடுத்த ஆண்டு அதில் பிராவோ என்னும் சொற்செயலியும் தோன்றின. அடோபி நிறுவனத்தார் 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க மொழியையும், 1993-இல் பிடிஎஃப் வடிவத்தையும் தந்தனர்; 2008-இல் பின்னது சர்வதேசத் தரமாயிற்று. அதன் சிறப்பு யாதெனில், துணியைக் கிழித்து முடித்த பின்னரே அது உருவாகிறது. பக்கங்கள் பிரிந்துவிட்டன, எழுத்துருவும் பெரும்பாலும் உள்ளேயே பதிந்துவிட்டது. கடைப் பொறிக்குக் கணக்கிட ஒன்றுமில்லை. நாம் மின்னஞ்சலில் உரையை ஒட்டாமல் பிடிஎஃப் கோப்பை இணைத்திருந்தால் இவ்வுரையே தேவைப்பட்டிராது.

ஆனால் கோப்பை அவ்வாறு மாற்றுமுன் செய்ய வேண்டியவை சில உள. கையொப்பத்திற்கு முந்திய பத்தியைத் தேர்ந்து, பத்தி அமைப்பில், ‘அடுத்த பத்தியோடு சேர்த்து வை’ என்னும் பொருள்படும் கட்டத்தில் குறியிடுதல் வேண்டும். அப்பொழுது கையொப்பம் எங்கே சென்றாலும் அப்பத்தியில் ஒரு சில வரிகளையேனும் உடன் அழைத்துச் செல்லும். பத்தியின் ஒற்றை வரி பக்கத்தின் தலையிலோ அடியிலோ தனித்து நிற்பதைத் தடுக்கும் குறியும் அங்கேயே உண்டு. ஆங்கில அச்சுக்கோப்போர் அவ்வரிகளுக்கு விதவை, அநாதை என்று பெயரிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு அச்சொற்களைத் தமிழில் எழுத மனம் வருவதில்லை. தனித்த வரி என்றே எழுதி வருகிறோம். யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்து, பக்க எண். வெறும் ‘2’ என்று போடுவதினும் ‘பக்கம் 2 / 4’ என்று போடுவது மேல். ஒரு தாள் குறைந்தாலும் கூடினாலும் படிப்பவர் உடனே அறிவார். மொத்தம் எத்தனை பக்கம் என்பது கடைசி வரியை அடுக்கி முடிக்கும் வரையில் செயலிக்கே தெரியாது. ஆகவே அது உரை முழுவதையும் ஒருமுறை அளந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணிட்டு வருகிறது. நீண்ட பத்திரத்தில் எண் சற்றுத் தாமதித்துத் தோன்றுவது இதனால்தான். மொத்த எண்ணைக் கையால் தட்டெழுதி வைப்பவர்கள், பின்னர் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டு மாற்ற மறந்துபோவார்கள்.

பிரதிகள் பல வேண்டுமாயின், ‘தொகுத்து’ என்னும் குறியைப் பார்த்துக்கொள்க. அஃது இல்லையேல் முதற் பக்கம் மூன்று, இரண்டாம் பக்கம் மூன்று என்று வந்து குவியும். இருபுறமும் அச்சிடும்போது நீண்ட விளிம்பில் திருப்புவதே நிமிர்ந்த தாளுக்குப் பொருந்தும். குறுகிய விளிம்பைத் தேர்ந்தால் மறுபக்கம் தலைகீழாக நிற்கும். முன்தோற்றத்தில் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாகக் கடைசிப் பக்கத்தை, நம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தாள் கைக்கு வந்த பின் மறுமுறை.

அம்மையாரின் கடிதத்தை மீண்டும் அச்செடுத்தோம். இம்முறை பிடிஎஃப் கோப்பை எடுத்துக்கொண்டு நாமே கடைக்குச் சென்று, தாள்களை அங்கேயே நின்று எண்ணினோம். நான்காம் தாளில் கையொப்பத்தின் மேலே எட்டு வரி உரை இருந்தது; அடியில் ‘பக்கம் 4 / 4’. அம்மையார் மற்ற மூன்று தாள்களின் ஓரத்திலும் சுருக்கொப்பம் இட்டு விரைவு அஞ்சலில் அனுப்பினார். பழைய ஐந்தாம் தாளைத் தம்பியிடமிருந்து திரும்ப வரவழைத்து, எம் முன்னிலையிலேயே கிழித்துப் போட்டார்.