தூரத்துத் தேர்தலும் நமது சாட்சியமும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் படிக்கட்டுகளிலும், தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலிலும், நம் வீட்டு உணவு விரிப்பிலும் அடிக்கடி அடிபடும் பேச்சு அமெரிக்க அரசியல். இதை வீண்பேச்சு என்று ஒதுக்கிவிட இயலாது. 2017 ஜனவரியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாட்டவர் அங்கே நுழையத் தடை விதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான வரி 50 சதவீதமாக உயர்த்தப்பட்டபோது, தோல் தொழிலை நம்பி வாழும் ஆம்பூர், இராணிப்பேட்டைக் குடும்பங்கள் கலங்கின. குரோம் லெதர் நிறுவனத்தால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கும் அக்கவலை அந்நியமானதல்ல. இவற்றுக்கெல்லாம் மேலாக, காஸாவில் சிந்தப்பட்ட இரத்தம் ஒவ்வொரு முஃமினின் உள்ளத்தையும் வாட்டியது.

எனவே பேசுவது தவறன்று. எப்படிப் பேசுகிறோம் என்பதே கேள்வி.

அறிந்து பேசுதல்

தீயவன் ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் ஏவுகிறது. அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாமென்றும், செவி, பார்வை, உள்ளம் ஆகிய யாவும் விசாரிக்கப்படும் என்றும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36-ஆவது வசனம் எச்சரிக்கிறது.

2024 நவம்பர் 5 அன்று நடந்த தேர்தலில் டிரம்ப் வென்றார்; கமலா ஹாரிஸ் தோற்றார். 'மிச்சிகன் மாநில முஸ்லிம்கள்தாம் அவரைத் தோற்கடித்தார்கள்' என்று பலர் உறுதியாகக் கூறினர். இதைச் சற்று ஆராய்வோம். அங்கே மக்கள் அளிக்கும் மொத்த வாக்குகளை எண்ணி அதிபரைத் தீர்மானிப்பதில்லை. மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்ட 538 தேர்வாளர்களில் 270 பேரைப் பெறுபவரே அதிபர். இதனால்தான் 2016-இல் ஹிலாரி கிளிண்டன் சுமார் 28 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2024-இல் டிரம்ப் 312 தேர்வாளர்களையும், ஹாரிஸ் 226 தேர்வாளர்களையும் பெற்றனர். மிச்சிகனுக்கு உரியவர்கள் 15 பேர். அவர்களை ஹாரிஸின் கணக்கில் சேர்த்தாலும் 241 தான் வரும். ஆக, ஒரு சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட பழி ஒரு சிறிய கூட்டல் கணக்கில் கலைந்து போகிறது! கூட்டிப் பார்க்காமலேயே அதை எத்தனை பேருக்கு அனுப்பிவைத்தோம்?

கருத்து வேறுபாடு பகையாகாது

அத்தேர்தலில் அமெரிக்க முஸ்லிம்களும் ஒரே அணியில் நிற்கவில்லை. ஹாம்ட்ராம்க் நகரின் முஸ்லிம் மேயர் டிரம்பை ஆதரித்தார். அருகிலுள்ள டியர்பார்ன் நகரின் முஸ்லிம் மேயர் இருவரையும் ஆதரிக்க மறுத்தார். அரபு மக்கள் நிறைந்த டியர்பார்னில் டிரம்புக்குச் சுமார் 42 சதவீதமும், ஹாரிஸுக்குச் சுமார் 36 சதவீதமும் கிடைத்தன. மூன்றாவது வேட்பாளரான ஜில் ஸ்டைனுக்கும் கணிசமான வாக்குகள் விழுந்தன. காஸாவின் துயரம் ஒன்றே. அதற்கு அவர்கள் கண்ட வழிகளோ வெவ்வேறு.

நம் வீடுகளிலும் அதுவே நடந்தது. ஹாரிஸின் பாட்டனார் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர் என்பதால் 'நம் மண்ணின் மகள்' என்றார் சிலர். 'காஸாவுக்கு அவர் என்ன செய்தார்?' என்று கேட்டனர் வேறு சிலர். கேள்வியும் பதிலும் இருந்தவரை நன்மையே. தம்பி அண்ணனை நயவஞ்சகன் என்றும், மருமகன் மாமனாரைச் சமுதாயத் துரோகி என்றும் சொல்லத் துணியும்போதுதான் ஷைத்தான் நுழைகிறான்.

பனூ குறைளா கூட்டத்தாரிடம் சென்றடைந்த பிறகே அஸர் தொழ வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுக்குக் கட்டளையிட்டார்கள். வழியிலேயே நேரம் வந்துவிட்டது. விரைந்து செல்வதே கட்டளையின் நோக்கம் எனக் கருதிச் சிலர் வழியில் தொழுதனர். சொல்லை அப்படியே ஏற்றுச் சிலர் பிற்படுத்தினர். இரு சாராரில் எவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. தொழுகையின் விஷயத்திலேயே இந்த விசாலம் இருக்குமாயின், நமக்கு வாக்கே இல்லாத ஒரு நாட்டின் தேர்தலுக்காக இரத்த உறவை முறிப்பது எவ்வளவு பெரிய அறியாமை!

நம் சாட்சியம் எங்கே?

வாக்களிப்பது சாட்சியம் கூறுதல், பரிந்துரைத்தல், பிரதிநிதியை நியமித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்பது பகரா அத்தியாயத்தின் 283-ஆவது வசனம் தரும் எச்சரிக்கை. அமெரிக்காவைப் பற்றிய நம் கருத்து வெறும் கருத்து. இங்கே நாம் இடும் வாக்கோ மறுமையில் கேட்கப்படும் சாட்சியம்.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 70 வார்டுகளுக்கான முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடைபெற்றது. தெருக் குடிநீரும் கழிவுநீரும் மழைக்கால வெள்ளமும் அந்த மன்றத்தில் பேசப்படுபவை. மிச்சிகனின் தேர்வாளர் எண்ணிக்கையைக் கூறும் நம் பிள்ளைகளுக்குத் தங்கள் வார்டு எண் தெரியுமா? 'ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?' என்போர், நாம் தினமும் ரயிலில் கடந்து செல்லும் மாம்பலத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர்த் தொகுதி 137 வாக்குகளில் முடிவாயிற்று!

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. நமது செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம். இறந்தோரும் இடம் பெயர்ந்தோரும் அவற்றில் உண்டு. ஆயினும் வாடகை வீடு மாறி மாறி வாழும் புறநகர்க் குடும்பங்களுக்கு இது பெரும் எச்சரிக்கை. பட்டியலில் பெயர் இல்லாதவர், வாய் இருந்தும் சாட்சி சொல்ல இயலாதவர்.

ஆகவே ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் வீட்டிலுள்ள 18 வயது நிறைந்த ஆண், பெண் அனைவரின் பெயரும் பட்டியலில் உள்ளதா எனப் பார்த்துவிடுங்கள். இல்லையெனில் படிவம் 6-ஐ நிரப்பி, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும், அவர் எம்மதத்தவராயினும், உதவுங்கள். பிறகு உலகச் செய்திகளைத் தாராளமாகப் பேசுங்கள். ஆராய்ந்து, அன்போடு பேசுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும், நம் இல்லங்களைப் பிளவிலிருந்தும் காப்பானாக! அநீதியால் அல்லல்படும் மக்கள் அனைவருக்கும் விடிவைத் தருவானாக! நீதிக்குச் சாட்சி சொல்வோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.