பணம் கட்டுமுன் நாலு வார்த்தை கேளுங்கள்



செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குத் தோளும், தூக்குகிறவருக்கு இடுப்பும் போவது நாம் அறிந்த கதைதான். குலை தூக்கும்போது இடுப்பு பிடித்த ஒரு தோழர், பட்டணத்தில் தனியார் பிசியோதெரபிக்குப் போனார். பத்துத் தடவைக்கும் சேர்த்து முன்பணம் கேட்டார்களாம். மனைவி சேர்த்த கூட்டுப் பணம் அதோடு போயிற்று. ஆபீசிலோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன் அண்ணே" என்கிறார்.

பயப்படாதீர்கள். வேலையில் அடிபட்டால் அன்றைக்கே கிராணியிடம் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டால், அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சொக்சோ பேனல் கிளினிக்கிலும் அந்த அடிக்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையமும் இருக்கிறது.

அப்படியும் தனியாரிடம் போவதானால், முதலில் டாக்டரைப் பாருங்கள். பிசியோதெரபி செய்கிறவர் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா? ஒரு தடவைக்கு எத்தனை வெள்ளி? எத்தனை தடவை? நடுவில் நின்றால் மீதிப் பணம் திரும்புமா? எல்லாம் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேட்கக் கூச்சமா? சங்கத் தலைவரைக் கூட அழைத்துப் போங்கள். உழைத்த உடம்பு நம்முடையது. கேட்கும் உரிமையும் நம்முடையதுதான்!