கண்ணால் கண்ட பாடமும் கைப்பழக்கமும்

மருந்தாளுநர் என்பவர் சீட்டைப் பார்த்து மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவர் என்ற அபிப்பிராயம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் இந்திய பார்மசி கவுன்சில் 2008-இல் வகுத்தளித்த ஃபார்ம்.டி. என்னும் ஆறாண்டுப் படிப்பு, ஐந்தாண்டுப் பாடத்தோடு ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் கட்டாயமாக்கி, மாணாக்கரை நோயாளியின் படுக்கையருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே புத்தக ஞானம் மட்டும் போதாது; கையும் காதும் பழகியிருக்க வேண்டும்.

ஆஸ்துமாக்காரர் உபயோகிக்கும் இன்ஹேலரையே எடுத்துக்கொள்வோம். அதை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அதன் வாயை உதடுகளால் இடைவெளியின்றிக் கவ்வி, மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கும் க்ஷணத்திலேயே குப்பியை அழுத்தி, பின்பு சுமார் 10 விநாடி மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் முன்பின்னாகப் போனால், நுரையீரலைச் சேரவேண்டிய மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். கணநேரத்தில் முடிந்துவிடும் இந்தக் காரியத்தை ஆசிரியர் மேடையில் செய்து காட்டும்போது, கடைசி வரிசை மாணவருக்கு எதுவும் புலப்படுவதில்லை. வீடியோப் பாடமோ அந்த ஒரு கணத்தை அருகில் காட்டும். வேகத்தைக் குறைத்தும், வேண்டிய மட்டும் திருப்பியும் காட்டும்.

ரத்த அழுத்தம் அளப்பதில் இதன் பிரயோஜனம் இன்னும் பெரிது. கைப்பட்டையின் அழுத்தத்தை விநாடிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வீதம் இறக்கும்போது முதலில் கேட்கும் ஒலி மேல் அளவையும், ஒலி அடியோடு மறையுமிடம் கீழ் அளவையும் குறிக்கும் என்பது, ருஷ்ய மருத்துவர் நிகலாய் கொரோட்கோவ் 1905-இல் வெளியிட்ட முறையின் சாரம். ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருவருக்கு மட்டுமே கேட்கும் அந்த ஒலியை, இறங்கும் முள்ளோடு சேர்த்து வகுப்பு முழுவதற்கும் கேட்பிக்கும் சாதனம் வீடியோதான்.

எனினும் பார்த்தவரெல்லாம் கற்றவராகிவிடுவதில்லை. ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990-இல் திறமைக்கு நான்கு படிகள் வகுத்தார்: அறிதல், எவ்வாறு என அறிதல், செய்து காட்டுதல், பணியில் செய்தல். வீடியோ நம்மை இரண்டாம் படிவரை அழைத்துச்செல்லும். அதற்கப்பால் கைதான் ஏற வேண்டும். இலக்குப் பலகையின் நடுவில் டார்ட் அம்பை எறியும் வித்தையை வீடியோவில் திரும்பத்திரும்பப் பார்த்தவர்களுக்கு, தம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை வளர்ந்ததே தவிர, திறமை வளரவில்லை என்று 2018-இல் வெளியான சிகாகோ சர்வகலாசாலை ஆய்வொன்று காட்டியது. மருந்து தரும் தொழிலில் இத்தகைய பொய் நம்பிக்கை நோயாளியின் உடம்பிலல்லவா சோதிக்கப்படும்!

ஆகையால் வீடியோவை வீட்டிலேயே பார்த்துவரச் செய்து, ஆய்வுக்கூட நேரம் முழுவதையும் கைப்பழக்கத்துக்கு ஒதுக்குவதே உசிதம். மாணவர் தாம் செய்வதைக் கைபேசியில் பதிந்து, ஒவ்வொரு படியாகச் சரிபார்ப்பதும் நல்லது; ஆயினும் பிழையைத் திருத்த ஆசிரியரின் கண் அவசியம் வேண்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்த விரும்புகிறேன். இன்சுலின் பேனாவைக் கையில் ஏந்தி நிற்கும் கிராமத்து மூதாட்டிக்கு, ஊசியை எங்கே, எப்படிக் குத்துவது என்பதைத் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். நம் மருந்தியல் கல்லூரிகள் இத்தகைய வீடியோப் பாடங்களைத் தமிழிலும் தயாரித்து, மாணாக்கரைத் தமிழிலேயே விளக்கிக் காட்டச் சொல்லிப் பரீட்சிக்க முன்வர வேண்டும்.