திருவிழா மணலில் சூடு தெரியாத கால்கள்

நல்லூர்க் கந்தனின் மகோற்சவம் 25 நாள். அந்த நாள்களின் வெயிலில், வெளிவீதியில் பரப்பிய மணல் பகல் பதினொரு மணிக்கே காலைச் சுட ஆரம்பித்துவிடும். சூடு தாங்காமல் நிழலுக்கு ஓடுகிறவர்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. “முருகா, எனக்கு ஒரு சூடும் தெரியேல்லை” என்று ஆறுதலாக நடந்துபோகிறவரைத்தான் கவனிக்க வேண்டும். அது பக்தியாக இருக்கலாம். பத்து வருடமாகக் கட்டுப்பாட்டுக்குள் வராத சீனி வருத்தமாகவும் இருக்கலாம்.

இரத்தத்தில் குளுக்கோசு நெடுங்காலம் கூடி நின்றால் நரம்புகள் பழுதடையும். உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் முதலில் கெடுவதும் அவைதான். விறைப்பு, எரிவு, பஞ்சில் மிதிப்பது போன்ற உணர்வு என்று தொடங்கி, கடைசியில் முள் ஏறினாலும் தெரியாத நிலை வரும். அந்தக் காலோடு சுடுமணலில் நடந்தவருக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். வலிக்காததால் வைத்தியரிடம் போகவும் மாட்டார். இரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆற நாளெடுக்கும், கிருமி உள்ளே இறங்கும், விரலையோ காலையோ எடுக்கவேண்டி வரும். இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு கொப்புளம்.

இதற்காக நேர்த்தியை விடச் சொல்லவில்லை. காலைப் பூசைக்கோ மாலைத் திருவிழாவுக்கோ போகலாம், நண்பகலைத் தவிர்க்கலாம். வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். கொப்புளமோ சிவப்போ கண்டால் அன்றைக்கே கிளினிக். மஞ்சள் பூசிக்கொண்டு தேர் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஐப்பசியில் வரும் கந்தசஷ்டியும் இப்படித்தான். ஆறு நாளும் பால் பழத்தோடோ வெறும் இளநீரோடோ இருப்பவர்கள் ஊருக்குள் நிறையப் பேர். இன்சுலின் போடுகிறவரோ கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுக்கிறவரோ சாப்பாட்டை நிறுத்திவிட்டு மருந்தை வழமைபோல் எடுத்தால் சீனி சடுதியாக இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்று வரும். கோயிலில் மயங்கி விழுந்தால் அருள் வந்ததாக நினைக்கிறவர்களும் இருப்பார்கள். நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். விரதம் முறிந்தால் முறியட்டும். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விரதத்துக்கு இரண்டு கிழமை முன்பே வைத்தியரிடம் சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார், சிலரை வேண்டாம் என்றும் மறிப்பார். ஏழாம் நாள் பாறணையில் வடை பாயசத்தோடு வயிறு முட்டச் சாப்பிடுவது எதிர்ப்பக்கத்து ஆபத்து.

இந்தச் சீனி வருத்தம் எங்களிடையே இவ்வளவு பரவியது எப்படி? 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ் குடாநாட்டில் பெற்றோல் கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஸ்ராட் பண்ண மட்டும் ஓரிரு துளி பெற்றோல் காட்டுவார்கள். மற்றப்படி வாத்தியார், கிளாக்கர், பள்ளிப்பிள்ளை, நோயாளி எல்லாருக்கும் சைக்கிள்தான். 2009 இல் போர் முடிந்து ஏ9 வீதி முழுதாகத் திறந்தபின் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது, கூடவே கொத்துரொட்டிக் கடையும் போத்தல் சோடாவும் கைத்தொலைபேசியும் வந்தன. மற்ற ஊர்களில் ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்த மாற்றம் இங்கே பத்து வருடத்துக்குள் நடந்தேறியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் சைக்கிள்கள் தூசி தட்டி வெளியே வந்தன; கியூஆர் முறையில் பெற்றோல் கிடைத்ததும் பழையபடி பின்வளவுக்குப் போய்விட்டன.

அதற்காகத் தடைக்காலத்தை ஏதோ பொற்காலம் போலச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டினி ஆரோக்கியமல்ல. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை நடுவயதில் பரிசோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. கருவில் பசியைப் பழகிய உடம்பு பின்னர் தாராளத்தைத் தாங்குவதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எங்கள் இடப்பெயர்வுக் காலத்துப் பிள்ளைகள் இப்போது முப்பதுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஐம்பது வயதுவரை காத்திருக்காமல் இப்போதே பரிசோதித்துக்கொள்வது புத்தி.

2005-2006 இல் இலங்கையில் நடந்த நீரிழிவு, இருதய நோய் ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குமேல் அது அதுவரை தெரியாமலே இருந்தது. போர் காரணமாக அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் கணக்கிலேயே இல்லை. நாட்டின் எண்ணிக்கையைச் சொல்லும்போது நாங்கள் அதற்குள் இல்லை என்பது சின்ன விஷயமல்ல.

பரிசோதனைக்குக் காசு தேவையில்லை. சுகாதார அமைச்சு 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நடத்துகிறது. 35 வயதைத் தாண்டிய எவரும், 20 வயதுக்கு மேல் என்றால் பருமனோ குடும்பத்தில் நீரிழிவோ புகைத்தலோ உள்ளவர்களும் போகலாம். எடை, உயரம், இரத்த அழுத்தம், சீனி பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பையும் கணித்துச் சொல்வார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடமோ கேட்டால் போதும். அங்கே வரிசையில் பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். ஆண்கள் “எனக்கு ஒண்டும் இல்லை” என்று நிற்பார்கள், பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வருவார்கள். வீட்டில் ஒரு அளவுநாடா இருந்தால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள்: எங்கள் இனத்து ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் பரிசோதனைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. வெறுவயிற்றுச் சீனி 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு என்று கொள்வார்கள். மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள். 100க்கும் 125க்கும் இடையில் நிற்கிறவர்தான் அதிர்ஷ்டசாலி. நடையாலும் சாப்பாட்டாலும் திரும்பிவர அவருக்கு இன்னும் வழியிருக்கிறது.

கடையில் சோடா வாங்கும்போது போத்தலில் ஒரு வட்டம் இருக்கும். 2016 ஆகஸ்ட் முதல் அது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. உற்பத்தியாளர்கள் 11க்குச் சற்றுக் கீழே இறக்கிச் செம்மஞ்சளில் நிற்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். அரை லீற்றரில் அது 50 கிராமுக்கு மேல், அதாவது உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச அளவு முழுவதும் அந்த ஒரு போத்தலிலேயே முடிந்துவிடும். வட்டம் இல்லாத போத்தலையோ காலாவதியான பொருளையோ கண்டால் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்; நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. கோயில் வீதி ஐஸ்கிறீம் கிண்ணத்துக்கு வட்டம் கிடையாது, அதை மனக்கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

நடக்கச் சொல்வது சுலபம். காலை எட்டரைக்குப் புடவைக்கடைக்குள் போய் இரவு எட்டுக்கு வெளியே வருகிற பிள்ளைக்கு எப்போது நடக்க நேரம்? 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி வேலை என்கிறது. அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வும் உண்டு. மீறினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் 2021 இல் கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை வைப்பது கட்டாயமாக்கப்பட்டது, நாள் முழுக்க நிற்கும் பெண்களின் கால் வீக்கமும் முதுகுவலியும் சட்டசபைவரை போனதால். நித்திரையும் உழைப்பு நேரமும் சரியில்லாதவருக்குக் குரக்கன் பிட்டின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

மனத்தைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு, ஆனால் நெஞ்சு படபடப்பு, தலையிடி, “உடம்பு ஒருமாதிரி” என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் வருவதில் கணிசமானது மனத்தின் பாரம். போர் தந்த காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதியும் சொல்லியும் வந்திருக்கிறார்கள். அதன்மேல் இப்போது பரீட்சை, கடன், இரவு ஒரு மணிவரை கைத்தொலைபேசி என்று புதியவை சேருகின்றன. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் அது சோம்பல் அல்ல, நோய். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர்மேல் வழக்கு வரும் என்ற பயம் சில வீடுகளில் இன்னும் உண்டு. 1998 இல் அந்தக் குற்றம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், என்ன குடித்தார் என்பதையும் போத்தலோடு சொல்லுங்கள்.

பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்க, பெரிய வீட்டில் தாயும் தகப்பனும் மட்டும் இருக்கும் குடும்பங்கள் நல்லூர்ப் பக்கம் பல. காசு வருகிறது, மருந்து நேரத்துக்கு எடுபடுகிறதா என்பதைப் பார்க்க ஆளில்லை. கைவிடப்பட்ட பெற்றோர் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பராமரிப்புச் சபையிடம் பிள்ளைகளின் பராமரிப்பைக் கோரலாம். அதுவரை போகவிடாத பிள்ளைகளுக்கு ஒரு வேலை: அடுத்த வீடியோ அழைப்பில் “சாப்பிட்டீங்களா அம்மா” என்று கேட்டுவிட்டு வைக்காமல், கிளினிக் கொப்பியைக் கமெராவுக்கு முன் பிடிக்கச் சொல்லி, கடைசித் திகதியையும் சீனியின் அளவையும் படித்துப் பாருங்கள். பிறகு அப்பாவின் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.