அடங்கிய மணம்

சிலர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அவர்கள் பூசியிருக்கும் ஸென்ட் நுழைந்து விடுகிறது. அவர்கள் விடை பெற்றுச் சென்ற பிறகும் அது மட்டும் விடை பெறுவதில்லை. ஒரு நாழிகை நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. 1980-களில் மேல்நாடுகளில் இத்தகைய வாசனைகளுக்குத்தான் மதிப்பு அதிகம். 1985-ல் பாரிஸ் நகரத்து டியோர் கம்பெனியார் வெளியிட்ட வாசனைத் திரவியத்துக்கு 'பாய்ஸன்', அதாவது 'விஷம்', என்றே பெயர். பெயருக்கேற்ற உக்கிரமும் அதற்கு இருந்தது.

அந்த நாட்களிலே, அருகில் வந்தவருக்கு மட்டும் தெரியக்கூடிய ஒரு மெல்லிய மணத்தைப் பற்றி ஒருவர் யோசித்துக் கொண்டிருந்தார். அவர் பெயர் ழான் க்ளோத் எல்லெனா. தென் பிரான்ஸில் வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் என்னும் ஊரைச் சேர்ந்தவர். தகப்பனாருக்கும் அதே தொழில்தான். பாரிஸில் மரியாஜ் ப்ரேர் என்ற பழமையான தேயிலைக் கடை ஒன்று உண்டு. அங்கே தேயிலை டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தபோது, இந்த மணத்தையே வாசனை நீராக்கினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

இலையை ஊற வைத்து வடித்தெடுத்தார் என்று நேயர்கள் எண்ணக் கூடும். அப்படியன்று. அவர் எடுத்துக் கொண்டவை முக்கியமாக இரண்டு ரஸாயனப் பொருள்கள். ஒன்று, 1893-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் வெளிப்படுத்திய அயனோன். அதில் வயலட் மலரின் மணம் வீசும். மற்றொன்று ஹெடியோன், அது மல்லிகை இனத்தின் சாயல் கொண்டது. தனித்தனியே முகர்ந்தால் இரண்டும் பூக்கள். சேர்த்து முகர்ந்தாலோ தேயிலை! ஓவியர் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்துப் பச்சை வர்ணம் காட்டுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

இதனுடன் பெர்கமாட் முதலிய எலுமிச்சை இனப் பழங்களின் மணத்தையும் கூட்டினார். இந்தப் பழ வாசனை ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறிய இத்தாலியரான பரீனா என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து விற்ற 'கொலோன் நீர்' இதே இனந்தான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. பழத்தோல் எண்ணெயின் அணுக்கூட்டங்கள் மிகவும் இலேசானவை. உடம்பின் சூடு பட்டதும் விரைவில் ஆவியாகிப் பறந்து விடும். ஹெடியோனோ நிதானமாக ஆவியாகும். எனவே, எலுமிச்சை விடைபெற்ற பிறகும் தேயிலை மணம் தோலோடு தோலாய்த் தங்கியிருக்கும்.

எல்லெனா முதலில் இந்தக் கருத்தை ஒரு பெரிய கம்பெனியாரிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் வேண்டாமென்று தள்ளி விட்டார்கள். பிறகு ரோமாபுரியில் 1884-ல் தொடங்கிய பல்காரி என்ற நகைக்கடையார், தங்கள் கடைகளுக்கென்று ஒரு வாசனை தேடினார்கள். 1992-ல் பச்சைத் தேயிலையின் பெயரைத் தாங்கி அது அவர்களிடமிருந்து வெளிவந்தது. வைரத்தையும் தங்கத்தையும் விற்கிறவர்கள் இவ்வளவு ஆடம்பரமற்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தது விந்தையே. அதன் பிறகு மற்றவர்களும் தேயிலையை நாடலானார்கள். 1999-ல் எலிஸபெத் ஆர்டன் கம்பெனியார் வெளியிட்ட 'கிரீன் டீ' சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டும் விலையில் கிடைத்தது.

இவ்வகை வாசனையை உபயோகிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டீன் என்ற பொருள் இயற்கையாக இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிவந்து தடித்துக் கறுத்த தழும்பு உண்டாகலாம். இக்காலத்தில் பெரும்பாலும் அதை நீக்கிய எண்ணெயையே சேர்க்கிறார்கள். ஆயினும் வெயிலில் போகும்போது துணி மூடிய இடத்தில் தடவிக் கொள்வதே உத்தமம்.

தனக்குப் பிடித்த வாசனையைப் பூசிக் கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கும் தம் மூக்கின் மேல் உரிமை உண்டல்லவா? ஒரு முறை தள்ளப்பட்ட அந்தச் சிறிய மணம் இரண்டு உரிமைகளையும் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்காகவே எல்லெனாவுக்கு நன்றி செலுத்தலாம்.