உயரம் குறைவான குழந்தையும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பெரியவர்களுக்கான மேஜையில் மானிட்டரை வைத்து, பெரியவர்களுக்கான நாற்காலியைப் போட்டு விடுகிறோம். வீட்டில் குள்ளத்தன்மையுள்ள குழந்தை இருந்தால் அந்த மேஜையே முதல் தடையாகிவிடும். கம்ப்யூட்டரைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுவது எப்படி, அதே கம்ப்யூட்டரைக் குழந்தையின் உடல்நலத்திற்குப் பயன்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

அகாண்ட்ரோபிளேசியா

மாங்காட்டில் வசிக்கும் என் அக்கா மகனுக்கு ஐந்து வயது. அவனுக்கு இருப்பது அகாண்ட்ரோபிளேசியா. குள்ளத்தன்மைக்கு 200க்கும் மேற்பட்ட காரணங்கள் உண்டு. அவற்றில் அதிகம் காணப்படுவது இதுதான். எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஜீனில் ஏற்படும் மாற்றம் கை, கால் எலும்புகள் நீள்வதைத் தடுக்கிறது. இது 1994ல் கண்டறியப்பட்டது. இக்குழந்தைகளில் 100க்கு சுமார் 80 பேரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்களே. எனவே கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே போனாயா என்று தாயைக் கேட்பதில் அர்த்தமில்லை.

அறிவுத்திறன் பொதுவாக மற்ற குழந்தைகளைப் போலவே இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து வயதுக்கான சாஃப்ட்வேரையே கொடுங்கள். உயரத்தைப் பார்த்து மூன்று வயதுக்கான கேம்ஸைப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

உட்காரும் இடம்

கால்கள் அந்தரத்தில் தொங்கினால் முதுகு வளையும். இக்குழந்தைகளுக்கு முதுகெலும்பு விஷயத்தில் கவனம் தேவை. பாதம் முழுவதும் பதியும்படி ஒரு மரப்பலகை வையுங்கள். முதுகுக்குப் பின்னால் அமுங்காத கெட்டியான தலையணை வையுங்கள். பலருக்கு முழங்கை முழுவதுமாக நீளாது. ஆகவே கீபோர்டும் மவுஸும் உடம்புக்கு அருகில், முழங்கை உயரத்தில் இருக்கட்டும். மானிட்டரை கண் மட்டத்திற்கு இறக்குங்கள்.

விண்டோஸில் இரண்டு மாற்றங்கள்

1. செட்டிங்ஸ் சென்று 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' பிரிவில் மவுஸைக் கிளிக் செய்யுங்கள். பாயின்டர் வேகத்தைச் சற்றுக் கூட்டினால், கையைச் சிறிதளவு நகர்த்தினாலே திரை முழுவதும் போய்வரலாம். சிறிய மவுஸாகப் பார்த்து வாங்குங்கள்.

2. விரல்கள் குட்டையாக இருப்பதால் இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்துவது சிரமம். ஷிஃப்ட் கீயைத் தொடர்ந்து 5 முறை அழுத்துங்கள். 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டி தோன்றும். அதில் 'யெஸ்' கொடுங்கள். இனி கன்ட்ரோல், பிறகு சி என ஒவ்வொன்றாக அழுத்தினாலே காப்பி ஆகிவிடும்.

எக்ஸெல்லில் வளர்ச்சிக் கணக்கு

எக்ஸெல்லில் புது ஃபைல் ஒன்றைத் திறந்து தேதி, உயரம், எடை, தலைச் சுற்றளவு, குறிப்பு என ஐந்து காலம்கள் அமையுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். டாக்டர் அளக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அளவைப் பதிவு செய்யுங்கள். காது வலி, குறட்டை போன்றவற்றைக் குறிப்பில் எழுதுங்கள்.

சாதாரண வளர்ச்சி அட்டவணையில் வைத்துப் பார்த்தால் உயரம் எப்போதும் கடைசிக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும். பார்க்கும் பெற்றோர் பயந்து போவார்கள். அகாண்ட்ரோபிளேசியாவுக்கென்றே 1978ல் வெளியான தனி அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுக் காட்டும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

கைக்குழந்தையாக இருந்தால் தலைச் சுற்றளவுக் காலம் மிக முக்கியம். அது திடீரென வேகமாகக் கூடினாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையோ வேறு மருத்துவமனையோ, எங்கே காட்டினாலும் இந்த ஃபைலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். தூங்கும்போது செல்போனில் எடுத்த வீடியோவும் டாக்டருக்கு உதவும்.

இணையத்தில் தேடும்போது

உயரம் கூட்டும் பவுடர், டானிக் விளம்பரங்கள் நிறைய வரும். எந்தப் பவுடரும் ஜீனை மாற்றாது. வொசோரிடைடு என்ற ஊசி மருந்துக்கு 2021ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. தினமும் போட வேண்டிய ஊசி அது. யாருக்குப் பொருந்தும் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

தேடவேண்டிய இன்னொன்று, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் உள்ள 21 வகைகளில் குள்ளத்தன்மையும் ஒன்று. வளர்ந்தவருக்கு 147 செ.மீ. அல்லது அதற்குக் குறைவான உயரம் என்பது அளவு. அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மாங்காடு வாசகர்கள் மாவட்டம் கேட்கும் இடத்தில் சென்னை என்று போட்டுவிடாமல் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, யூடியூபில் நித்யஸ்ரீ சிவன் என்று டைப் செய்து பாருங்கள். ஓசூரைச் சேர்ந்த இவர், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்ஹெச்6 பேட்மின்டன் பிரிவில் வெண்கலம் வென்றவர். அவர் ஆடுவதைக் குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். மவுஸ் குழந்தையின் கையில் இருக்கட்டும்.